இளம் இராணுவ அதிகாரியின் டிரங்குப் பெட்டி

சபுராளிகளை வழியனுப்பிப் பழகிய இல்லங்கள் நம்முடையவை. சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் செல்லும் பிள்ளையின் பெட்டியில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பது நம் தாய்மார்களுக்கு மனப்பாடம். ஆனால் மகன் இராணுவ அதிகாரியாகித் தன் முதற் படைப்பிரிவில் சேரப் புறப்படும்போது, அந்தப் பழக்கம் பெரும்பாலும் இடைஞ்சலாகவே முடிகிறது.

சென்னை பரங்கிமலையில் 1963-ஆம் ஆண்டு முதல் அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகம் இயங்கி வருகிறது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுவதால், இங்கு மகனைப் பற்றிச் சொல்வதெல்லாம் மகளுக்கும் பொருந்தும். பயிற்சி நிறைவுறும் நாளில் பெற்றோரே பிள்ளையின் தோளில் லெப்டினன்ட் பதவிக்குரிய நட்சத்திரங்களை அணிவிக்கின்றனர். அதன்பின் கிடைக்கும் சில நாள் விடுமுறையில்தான் கறுப்பு வண்ணம் பூசிய இரும்பு டிரங்குப் பெட்டி வீட்டு நடுவே திறந்து கிடக்கும். மூடியில் வெள்ளை எழுத்தில் பதவியும் பெயரும் எழுதப்பட்டிருக்கும்.

முதலில் கவனிக்க வேண்டியது, அப்பெட்டிக்குள் செல்லக் கூடாதவை எவை என்பதே. பெட்டி இரயிலின் பிரேக் வேனில் ஏறிச் சில நாள் பிந்தியும் வந்து சேரலாம். ஆகவே, படைப்பிரிவில் அறிமுகமாகும் அன்று அணிய வேண்டிய சீருடை, தொப்பி, இடைவார், பளபளப்பாக்கிய காலணி ஆகியன கைப்பையில் இருக்கட்டும். அடையாள அட்டையும் பணியிட உத்தரவும் அவர் உடலோடு இருக்கட்டும். 2022-இல் அறிமுகமான புதிய களச் சீருடையை வெளிக்கடைகளில் விற்க அனுமதியில்லை. ஊர்த் தையற்காரரிடம் அதற்காக அலைய வேண்டியதில்லை.

லடாக் போன்ற குளிர்ப் பகுதி என்றதும் உம்மாமார்கள் கம்பளிகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பனிமலைக்குரிய சிறப்பு உடைகளை அரசே அங்கு வழங்குகிறது. உயரமான மலைப்பகுதிக்குச் செல்பவரை முதல் ஆறு நாட்கள் உடல் பழகுவதற்கென்றே நிறுத்தி வைக்கின்றனர். உடனே சிகரத்தில் ஏற்றிவிடுவதில்லை. ஊறுகாய் ஜாடியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் சீருடைகளின்மேல் வைத்து அனுப்பாதீர்கள். அன்பு மிகுதியால் செய்யப்படும் கொடுமை அது! ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்ற முகவரிகளில் இராணுவ அஞ்சல் துறை எல்லைவரை பொதிகளைக் கொண்டு சேர்க்கிறது. எனவே ஒரே பெட்டியில் வீட்டையே அடைக்க வேண்டியதில்லை.

படுக்கைக்கு ஒரு ஹோல்டால் போதும். பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் அவர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1947 டிசம்பரில் ஜம்மு பகுதியிலுள்ள ஜங்கர் பறிபோனபோது, அதை மீட்கும்வரை கட்டிலில் உறங்குவதில்லை என்று அவர் உறுதி பூண்டார். 1948 மார்ச்சில் ஜங்கர் மீட்கப்பட்ட பிறகே அவருக்கென ஒரு கட்டில் தேடப்பட்டது. அதே ஜங்கரில் 1948 ஜூலை 3 அன்று, மணமாகாத நிலையில், பீரங்கிக் குண்டுக்கு உயிரை ஈந்தார். டில்லி ஜாமிஆ மில்லியாவை ஒட்டி அவரது கப்ரு உள்ளது.

மெல்லிய முஸல்லா ஒன்று, கிப்லா காட்டும் திசைமானி, சிறிய முஸ்ஹஃப் ஒன்று: இவை கைப்பையில் இடம் பிடிக்காதவை. பிரயாணியின் கஸர்த் தொழுகையை மகன் அறிந்திருப்பான். ஒளுவுடன் அணிந்த, கணுக்காலை மறைக்கும் சுத்தமான தோல் காலணியின்மீது மஸஹ் செய்யும் சட்டத்தையும் ஆலிம் ஒருவரிடம் அவன் கேட்டுத் தெரிந்து செல்லட்டும். பிரயாணிக்கு அது மூன்று பகல், மூன்று இரவுகளுக்குச் செல்லும் சலுகை. நாள் முழுதும் பூட்ஸ் கழற்ற இயலாதவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடமில்லை.

இனி, பலரும் வாய்திறக்கத் தயங்கும் ஒரு பொருள். இராணுவக் குழுக் காப்பீட்டுக்கு யாரை நியமிப்பது என்று அதிகாரி எழுதித் தர வேண்டும். மணமாகாதவர் தாயின் பெயரையோ தந்தையின் பெயரையோ எழுதுவார். நிக்காஹ் முடிந்தபின் அத்தாளைத் திருத்த மறந்துவிட்டால், துக்க வீட்டில் மாமியும் மருமகளும் மனம் கசக்க நேரும். தாளில் பெயர் இருப்பது வேறு, ஷரீஅத் வகுத்த வாரிசுப் பங்கு வேறு. பிள்ளையில்லாது இறந்தவரின் மனைவிக்குச் சொத்தில் நான்கில் ஒரு பங்கு உண்டு; தாய்க்கும் தந்தைக்கும் அவரவர் பங்கு உண்டு. கொடுக்க வேண்டிய கடன், நிறைவேற்ற வேண்டிய மஹர், மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும் வஸிய்யத் ஆகியவற்றையும் எழுதிச் சாட்சிகளின் ஒப்பம் பெற்று வீட்டு அலமாரியில் வையுங்கள். படி ஒன்று அவனிடம் இருக்கட்டும். இப்படி எழுதுவது அபசகுனம் என்று பாட்டிமார்கள் தடுப்பார்கள். அவர்களைப் பக்குவமாகச் சமாதானப்படுத்திவிட்டு, புறப்படுவதற்கு முந்தைய நாள் அஸர் தொழுகைக்குப் பின் வாப்பாவும் மகனும் அமர்ந்து எழுதட்டும். உம்மாவையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.