காயலில் கரையிறங்கிய அரபுக் குதிரைகள்

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் காயல்பட்டினம், பழையகாயல், புன்னைக்காயல் என மூன்று ஊர்கள் காயல் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல் துறைமுகம் இவற்றுள் பழையகாயலே என்பது கால்டுவெல் முதலான ஆய்வாளர்களின் முடிவு என்றாலும், அந்தத் துறைமுகத்தின் அரபு வணிக மரபு தொடர்ந்து வேரூன்றி நின்ற ஊர் காயல்பட்டினமே ஆகும். ஹோர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் அந்தக் காயல் துறைமுகத்தில்தான் நங்கூரம் பாய்ச்சின.

கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டிய அரசின் கருவூலமே பணம் கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிக்கிறார். எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கிய அரசரிடம் ஆண்டு முடிவில் 100கூட எஞ்சவில்லை என்று மார்க்கோ போலோவும் எழுதுவதால், பாண்டிய நாட்டுச் செல்வம் ஓயாமல் கடல் கடந்து சென்றது என்பதை மறுக்க இயலாது.

உயர்ந்த பெண் குதிரையையும் உயர்ந்த பொலிகுதிரையையும் இங்கே சேர்த்தாலும் கால் கோணிய, சவாரிக்கு உதவாத சிறு குட்டியே பிறந்தது என்று மார்க்கோ போலோ கூறுவது இன்றைய அறிவியலோடு பெரிதும் ஒத்துப்போகிறது. அவர் கூற்றுப்படி குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுக்கப்பட்டன. லாடம் அடித்து வைத்தியமும் பார்ப்பவர் எவரும் நாட்டில் இல்லை. குதிரை இறந்தால்தான் மறு விற்பனை என்பதால் அத்தகையோர் இங்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர். புல் தின்னும் விலங்கின் குடலுக்கு இறைச்சி ஒவ்வாது. அரிசியிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுந்து சுண்ணாம்புச் சத்து மிகக் குறைந்திருப்பதால், அவற்றையே நம்பி வளரும் குட்டியின் எலும்பு உறுதி பெறுவதில்லை. ஆகவே தவறியது இரத்தம் அன்று, வளர்ப்பே எனலாம்.

அந்த இரத்தத்தின் ஆற்றல் பாலைநிலத்தில் உருவானது. மெல்லிய தோல், தோலை ஒட்டி ஓடும் இரத்தக் குழாய்கள், பருமன் இல்லாத உடல் ஆகியவை வெப்பத்தை விரைந்து வெளியேற்ற, நெடுநேரம் களைக்காமல் உழைக்கும் தசை இழைகள் அதற்குத் துணை நிற்கின்றன. நெடுந்தூரக் குதிரையோட்டம் என்னும் விளையாட்டில் அரபு இனம் ஓங்கி நிற்பதற்கு இதுவே காரணம். 1955இல் கலிபோர்னியாவில் தொடங்கி, ஒரே நாளில் 160 கிலோமீட்டர் மலைவழியைக் கடக்கும் டெவிஸ் கோப்பை ஓட்டம் இவ்வகையில் முன்னோடியானது. இடையிடையே உள்ள சோதனை நிலையங்களில் கால்நடை மருத்துவர் குதிரையின் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நாடித் துடிப்பை எண்ணுகிறார், கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டு அது எவ்வளவு விரைவாகப் படிகிறது என்று பார்க்கிறார், ஈறை அழுத்தி இரத்தம் திரும்பும் வேகத்தைக் கணிக்கிறார். குறித்த நேரத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்குப் பொதுவாக 64க்கு இறங்காத குதிரை, முதலில் வந்திருந்தாலும் விலக்கப்படும். எனவே வளர்ப்பாளர் அழகை விட, விரைவில் அடங்கும் நாடியையும் கோணாத காலையும் உறுதியான குளம்பையும் பெற்றோரிடம் தேடுகின்றனர். தாய்வழியைக் கொண்டே மரபை எண்ணிய பெதூயின் என்னும் பாலைநில நாடோடி அரபு மக்களின் வழக்கமும் இவர்களிடம் தொடர்கிறது. பதினொரு மாதம் சுமந்து பெற்ற குட்டியை, எலும்பு முற்றும் வரை பல ஆண்டுகள் கடும் ஓட்டத்துக்கு விடாமல் காப்பது இவ்வளர்ப்பின் மிக முக்கியமான கடமை.

மீண்டும் காயலுக்கு வருவோம். குதிரையின் பல்லில் அது இளமையில் உண்ட புல்லும் குடித்த நீரும் வேதித் தடயமாகப் பதிந்திருக்கும் என்பதால், காயலுக்கு வந்தவை எங்கே பிறந்தவை, எவையேனும் இங்கேயே பிறந்தனவா என்பதை இன்று அறிய முடியும். அருகிலுள்ள கொற்கையில் அகழாய்வு நடத்திய தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, பழையகாயல் கரையிலும் தோண்டி, பானை ஓடுகளுக்குத் தரும் அதே அக்கறையோடு குதிரைப் பற்களையும் தேட வேண்டும்.