ஓவரியில் கட்டி... கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?

என் சித்திக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது வயது 37. இடது ஓவரியில் கட்டி, மாதாமாதம் இடுப்பை ஒடிக்கும் வலி, இரண்டு வருடமாக மாத்திரை. "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கும்மா? விட்டு வெச்சா புத்தா மாறினாலும் மாறும், எடுத்துருவோம்" என்று பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். சொன்னது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலையில் ஆபரேஷன். நடுவில் கிடைத்த ஒரு நாளும் பணம் புரட்டுவதிலேயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்த சில வாரங்களில் சித்திக்கு உடம்பு திடீர் திடீரென்று பற்றி எரிய ஆரம்பித்தது. ராத்திரி ஜாக்கெட் நனைய வியர்க்கும். தூக்கம் போனது. காரணம் தெரியாமல் அழுகை வந்தது. 'பெரிய ஆபரேஷன் பண்ணின உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று எல்லோரும் சொன்னோம். 51 வயதில் வாசல் தெளிக்கும்போது வழுக்கிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. எலும்பு டாக்டர் பழைய ஆபரேஷன் சீட்டைக் கேட்டார். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்து, மடிப்பில் கிழிந்துபோன டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக் கொடுத்தோம். அதில் ஒரே ஒரு வரி: 'டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ.'. வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையோடு இரண்டு கருக்குழாய்களையும் இரண்டு ஓவரிகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்பது அதன் பொருள். நல்லபடியாக இருந்த வலது ஓவரியும் போயிருந்தது. அந்த விஷயம் 14 வருடம் சித்திக்கே தெரியாது.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

இரண்டும் ஒன்றல்ல

நம் பேச்சில் ஒரு குழப்பம் ஊறிக் கிடக்கிறது. ஓவரியில் நீர் கோத்திருந்தாலும், கர்ப்பப்பையில் சதை வளர்ந்திருந்தாலும், 'பிசிஓடி' என்று ஸ்கேனில் வந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'வயித்துல கட்டி'. எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு, 'பையை எடுத்துரு'.

கர்ப்பப்பை கொய்யாக்காய் அளவில் நடுவில் இருக்கும் தசைப்பை. குழந்தையைச் சுமப்பதும் மாதவிலக்கில் உதிரம் வெளியேறுவதும் அங்கேதான். சினைப்பை என்கிற ஓவரி அதன் இரு பக்கமும் பாதாம் கொட்டை அளவில் இருக்கிறது. கருமுட்டையும் ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்களும் அங்கிருந்து வருகின்றன. எலும்பு, ரத்தக் குழாய், தோல், தூக்கம், மனநிலை எல்லாவற்றுக்கும் அந்த ஹார்மோனோடு தொடர்பு உண்டு. ஓவரியில் கோளாறு என்றால் கர்ப்பப்பையை எடுப்பது அந்தக் கோளாறைத் தொடவே தொடாமல் போகலாம். இரண்டு ஓவரிகளையும் எடுப்பதோ ஒரே நாளில் மாதவிடாய் நிறுத்தத்தை வரவழைத்துவிடும். ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது: 'கோளாறு எந்த உறுப்பில், நீங்கள் எடுக்கப் போவது எந்த உறுப்பு?'

எந்தக் கட்டி என்று தெரியுமா?

மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு ஓவரியில் நீர்க்கட்டி தெரிவது சாதாரணம். மாதாமாதம் முட்டை வளரும் சிறு பை, சில சமயம் உடையாமல் நீர் கோத்துப் பெரிதாகிறது. சுவர் மெலிதாக, உள்ளே வெறும் நீர் மட்டும் இருந்து, 5 செ.மீ.க்குள் அடங்கினால் அது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் தானாகக் கரைந்துவிடும். அதற்கு மருந்தே தேவையில்லை. 5 முதல் 7 செ.மீ. வரை இருந்தால் மறு ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவார்கள். அதற்கு மேல் போனால்தான் எம்.ஆர்.ஐ., அறுவை என்ற பேச்சு வரும். அப்போதும் லேப்ராஸ்கோப்பி மூலம் கட்டியை மட்டும் உரித்தெடுத்து ஓவரியை விட்டுவைக்க முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். உள்ளே கொழுப்பும் முடியும், சில நேரம் பல்லும்கூட இருக்கும் டெர்மாய்டு கட்டிக்கும் இதே வழிதான்.

பிசிஓடி என்பது பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். உண்மையில் அவை கட்டிகளே இல்லை, பாதியில் நின்றுபோன சிறுசிறு முட்டைப்பைகள். அது உடம்பு முழுக்கச் சம்பந்தப்பட்ட ஹார்மோன் கோளாறு. கர்ப்பப்பையை எடுத்தால் மாதவிலக்கு நிற்கும். எடை கூடுவதும் முகத்தில் முடி வளர்வதும் சர்க்கரை நோய் வரும் ஆபத்தும் அப்படியே இருக்கும். இதில் கவனம் வைக்க வேண்டிய இடம் வேறு. மாதக்கணக்கில் தீட்டு வராமல் இருந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் விட்டால் அங்கே புற்றுநோய்க்கு வாய்ப்புண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாத்திரை கொடுத்துத் தீட்டை வரவழைப்பது அதனால்தான்.

எல்லாவற்றிலும் கொடுமையானது எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு ஓவரியிலும் குடலிலும் வயிற்றுச் சவ்விலும் ஒட்டி வளர்ந்து, மாதாமாதம் அங்கேயே கசியும். பழைய ரத்தம் தேங்கி ஓவரியில் சாக்லேட் நிறக் கட்டியாகும். இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 'பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்' என்ற பேச்சிலேயே பல வருடம் கண்டுபிடிக்கப்படாமல் போகிற நோய் இது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு, குடலிலும் சவ்விலும் ஒட்டியிருப்பதை விட்டுவைத்தால் வலி திரும்பவும் வரும். அறுவைக்கு முன்னால் டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம் என்று முயன்று பார்க்க வழிகள் இருக்கின்றன. அவற்றைச் சில மாதமாவது முறையாக முயன்றீர்களா என்று யாராவது கேட்டார்களா?

ஒரு எச்சரிக்கை. ஓவரியில் கட்டி இருப்பவருக்கு ஒரு பக்கமாகத் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், கட்டியின் கனத்தில் ஓவரி முறுக்கிக்கொண்டிருக்கலாம். காலையில் போகலாம் என்று இருக்கக் கூடாது. அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

'புத்து வந்துடும்' என்ற பயம்

கையெழுத்து வாங்கும் சொல் இதுதான். தொந்தரவு தரும் ஓவரி கட்டி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு, மாதவிடாய் நிற்காத பெண்களில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. 50 வயதை நெருங்கும்போது ஆயிரத்தில் மூன்று. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி தன் வழிகாட்டுதலில் சொல்லும் கணக்கு இது.

ஓவரி புற்றைச் சந்தேகித்துப் பார்க்கும் சி.ஏ.125 ரத்தப் பரிசோதனை கூடுதலாக வந்துவிட்டது என்று நடுங்கிப் போகிறவர்களும் உண்டு. எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு என்கிற கர்ப்பப்பைச் சதைக்கட்டி, இடுப்புக்குழித் தொற்று, ஏன், மாதவிலக்கு நாட்களில்கூட அது கூடும். நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: வயிற்றுக் காசநோயிலும் அது நூற்றுக்கணக்கில் ஏறும். மருந்தால் குணமாகும் நோய் அது.

அதற்காக அலட்சியம் வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு தெரியும் கட்டி, உள்ளே திடப்பகுதியோடு இருக்கும் கட்டி, வயிற்றில் நீர் சேர்வது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கட்டி, தாய்க்கோ சகோதரிக்கோ ஓவரி அல்லது மார்பகப் புற்று இருந்த குடும்பம், இவையெல்லாம் உடனே கவனிக்க வேண்டியவை. இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, தொடர்ந்து உப்புசம், அடிக்கடி சிறுநீர், இவை மாதத்தில் பாதி நாளுக்கு மேல் இருந்தால் 'கேஸ்' என்று தள்ளிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் புற்றுநோய்க்கென்றே அறுவை செய்யும் நிபுணரிடம்தான் போக வேண்டும். முதல் அறுவை எப்படி நடக்கிறது என்பதில்தான் பிறகு வருவதெல்லாம் நிற்கிறது.

நல்ல ஓவரியை ஏன் காப்பாற்ற வேண்டும்?

அமெரிக்காவில் செவிலியர்களை வைத்து நடக்கும் நீண்டகால ஆய்வில், கர்ப்பப்பை எடுத்த 29,380 பெண்களை 24 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2009-ல் வந்தது. ஓவரிகளையும் எடுத்தவர்களிடம் ஓவரி, மார்பகப் புற்று குறைந்திருந்தது. ஆனால் மாரடைப்பு கூடியிருந்தது. மொத்தத்தில் இறப்பும் கூடியிருந்தது. இயற்கையாகத் தீட்டு நிற்கும் வயதுக்கு வெகு முன்பே ஓவரியை இழப்பவர்களுக்கு எலும்பு கரைவதும் வேகமாகும்.

நடிகை ஏஞ்சலினா ஜோலியின் கதை பலருக்குத் தெரியும். பரம்பரை மரபணுக் கோளாறு, அம்மா ஓவரி புற்றில் இறந்தவர். 2015-ல், 39 வயதில், ஓவரிகளையும் குழாய்களையும் எடுத்துக்கொண்டார். கர்ப்பப்பையை விட்டுவைத்தார், அவர் குடும்பத்தில் அங்கே புற்று வந்ததில்லை என்பதால். ஆபத்து எந்த உறுப்பில் என்று பார்த்து, அதை மட்டும் எடுத்தார்கள்.

எடுக்க வேண்டியவர்களும் உண்டு

மருந்து, லேப்ராஸ்கோப்பி எல்லாம் பார்த்து ஓய்ந்தவர்கள், மாதத்தில் பத்து நாள் படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள், எண்டோமெட்ரியோசிஸோடு கர்ப்பப்பைச் சுவரே வீங்கிப் போனவர்கள், இவர்களுக்கு அந்த அறுவை மறுவாழ்வு. யோசித்து, தெரிந்து, தானே முடிவெடுத்த பெண்ணை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஓவரியும் போகத்தான் வேண்டும் என்றால், 50 வயது வரையாவது ஹார்மோன் மருந்து எடுக்கலாமா என்று அறுவைக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். சித்திக்கு அந்தப் பேச்சே வரவில்லை.

நீதிமன்றம் வரை போன விஷயம்

2015-16 தேசிய குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள். ஆந்திராவில் அது கிட்டத்தட்ட ஒன்பது. மூன்றில் இரண்டு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், ஒருநாள் வேலைக்கு வராவிட்டாலும் அபராதம் என்பதால் கர்ப்பப்பையையே எடுத்துக்கொண்டது 2019-ல் வெளியே வந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பெண்களுக்குத் தேவையின்றி அறுவை நடந்ததாகத் தொடுத்த வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கையெழுத்துப் போடும் முன்

உயிர் போகும் அவசரமோ புற்று சந்தேகமோ இல்லையென்றால், நாளைக்கே ஆபரேஷன் என்பதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். ஸ்கேன் சீட்டை வாங்கிக்கொண்டு, அந்த மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலோ, உங்கள் மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஓ.பி. சீட்டுப் போட்டால் கட்டணமில்லாமல் இரண்டாவது கருத்து கிடைக்கும்.

ஒப்புதல் படிவத்தில் எந்தெந்த உறுப்பு என்று எழுதியிருக்கிறதா, 'தேவைப்பட்டால் ஓவரியும்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத எழுத்துக்குப் பொருள் கேளுங்கள். எடுத்த உறுப்பைப் பரிசோதனைக்கு அனுப்பி வந்த முடிவைக் கேட்டு வாங்குங்கள். ஆறு வாரத்துக்கு நிறைகுடமும் சிலிண்டரும் தூக்கக் கூடாது. அந்த நாட்களில் வீட்டில் யார் அதைச் செய்வார்கள் என்று கணவரோடும் பிள்ளைகளோடும் முன்பே பேசிவிடுங்கள்.

இன்று ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அம்மாவோ அத்தையோ அக்காவோ கர்ப்பப்பை எடுத்தவராக இருந்தால், பீரோவில் இருக்கும் அந்தப் பழைய சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் பி.எஸ்.ஓ. என்று இருந்து, அறுவை நடந்தபோது வயது 45-க்குள் என்றால், எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு அவரை அழைத்துப் போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.