வண்டி ஏறும் குதிரைக்கு ரத்தப் பரிசோதனை ஆயிற்றா?

ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடும். மார்வாரி, கத்தியவாரி என வடக்கத்தி இனக் குதிரைகளும் அங்கே நிற்கும். வாங்க வருபவர்கள் சுழி பார்ப்பார்கள், வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள், ஓட்டிக் காட்டச் சொல்லி நடை பார்ப்பார்கள். அதே அக்கறையோடு உடல்நலச் சான்றிதழையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ்

கிளாண்டர்ஸ் என்பது குதிரை, கழுதை, கோவேறு கழுதைகளைத் தாக்கும் பாக்டீரியா நோய். மூக்கிலிருந்து மஞ்சளும் பச்சையுமாகச் சளி ஒழுகும். மூக்கின் உள்ளே புண் இருக்கும். காலின் தோலுக்கடியில் வரிசையாக முடிச்சுகள் கிளம்பி உடைந்து சீழ் வடியும். ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தாலே பரவக்கூடும். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டுபவரின் கையில் சிறு கீறல் இருந்தால் அதன் வழியே அவருக்கும் தொற்றலாம். உரிய ஆன்டிபயாட்டிக் சிகிச்சை கிடைக்காவிட்டால் மனிதரின் உயிருக்கே ஆபத்து.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. நோய் உறுதியான குதிரையை நம் நாட்டில் கருணைக்கொலை செய்துவிடுகிறார்கள். உரிமையாளருக்கு அரசு இழப்பீடு தருகிறது. நாள்பட்ட நோயுள்ள குதிரை வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாகவே தெரியும் என்பதுதான் பெரிய சிக்கல். எத்தனை அனுபவசாலியானாலும் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ரத்தப் பரிசோதனைதான் வழி. ஹரியானாவின் ஹிசாரிலுள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தப் பரிசோதனையில் நாட்டின் முதன்மை நிலையம்.

குதிரைத் தொற்று ரத்தசோகை என்ற வைரஸ் நோயைக் கண்டறியவும் ரத்தப் பரிசோதனைதான் வழி. ஒருமுறை வைரஸ் ஏறிய குதிரை ஆயுள் முழுக்க அதைச் சுமக்கும். ரத்தம் குடிக்கும் ஈக்களும், ஒரே ஊசியைப் பல குதிரைகளுக்குப் போடுவதும் அதைப் பரப்பும்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, குதிரை பயணத்துக்கு ஏற்ற நிலையில் இருக்கிறது, தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் தந்த சான்றிதழ் கூடவே வர வேண்டும். அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளும் எழுதியிருக்க வேண்டும். வெளிமாநிலம் செல்வதானால் அங்கே கூடுதலாக எந்தப் பரிசோதனை கேட்கிறார்கள் என்பதை உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் முன்பே விசாரியுங்கள். பரிசோதனை முடிவு வர நாளாகும். லாரி பேசிய பிறகு ஓடினால் நடக்காது.

புதிதாக வாங்கிய குதிரையை நேராக லாயத்தில் கட்டாதீர்கள். தனியே நிறுத்தித் தனி வாளியில் தண்ணீர் வையுங்கள்.

குதிரையோடு பழகுபவருக்கு ஆறாத புண்ணோ, விடாத காய்ச்சலோ வந்தால், குதிரை வளர்ப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.