தூண்டிலின் கடைசி முழம்

தூண்டில் என்றதும் கம்பும் கயிறும் முள்ளும் இரையும் நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுள் முதன்மையானது எது என்று கேட்டால், சிலர் கம்பு என்பர். சிலர் இரை என்பர். ஆனால், நீரடியில் வாழும் பூச்சியைப் போலச் செய்த பொய்யிரையைக் கொண்டு ட்றவுட் மீன் பிடிப்போரைக் கேட்டால், முள்ளோடு பிணைந்திருக்கும் கடைசி ஒன்றிரண்டு முழ இழையே முதன்மையானது என்பர். அவ்விழை தடித்திருந்தால் மீன் இரையை நாடாது. மிக மெலிந்திருந்தால், நாடிய மீன் அதனை அறுத்துக்கொண்டு, வாயில் முள்ளையும் இழையையும் சுமந்தபடி சென்றுவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே தக்க இழையைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ட்றவுட் மீன் நமக்கு முற்றிலும் அயலானதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலேயர் அதனை நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளுக்குக் கொண்டுவந்து வளர்த்தனர். ஆயினும், நான் கூறப்போகும் கலை வளர்ந்த இடம் தென் இங்கிலாந்து. அங்கே சுண்ணக்கல் நிலத்தின் ஊற்றுகளிலிருந்து பிறக்கும் ஆறுகள் பளிங்கு போலத் தெளிந்தவை. கரையில் நிற்பவன் மீனைக் காணலாம். மீனும் அவனைக் காணலாம்.

நீர்ப்பூச்சிகள் பல, சிறகு முளைப்பதற்கு முன்னர் ஆற்றின் அடியில் நெடுநாள் வாழ்கின்றன. அந்த இளம் பருவத்துப் பூச்சியை ஆங்கிலேயர் நிம்ஃப் என்பர். ட்றவுட் தன் உணவின் பெரும் பகுதியை நீர்மட்டத்துக்குக் கீழேயே பெறுகின்றது. இதனை உணர்ந்து, நீருக்குள் அமிழும் பொய்யிரையைப் பயன்படுத்தும் முறையை வளர்த்தவர் இச்சின் ஆற்றில் மீன்பிடித்த ஸ்கியூஸ் என்னும் வழக்கறிஞர். அவருடைய முதல் நூல் 1910இல் வெளிவந்தது. மிதக்கும் ஈயே கண்ணியமானது என்று வாதிட்டவர்கள் அவரை எதிர்த்தனர். பின்னர் வில்ட்சயரின் ஏவன் ஆற்றில் காவலராகப் பணிபுரிந்த பிராங்க் சோயர் இக்கலையை மேலும் எளிமையாக்கினார். பெசன்ட் பறவையின் வாலிறகையும் மெல்லிய செப்புக் கம்பியையும் மட்டும் முள்ளில் சுற்றி அவர் செய்த நிம்ஃப் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. அக்கம்பியின் பாரமே இரையை அடிக்குக் கொண்டுசெல்கின்றது.

இனி இழைக்கு வருவோம். தடித்த தூண்டிற்கயிற்றின் நுனியில், படிப்படியாக மெலிந்து செல்லும் ஓர் இழையைக் கட்டுவர். அதன் கடைசிப் பகுதியை ஆங்கிலத்தில் டிப்பெட் என்பர். நாம் அதனை முனையிழை என்று கூறுவோம்.

பழங்காலத்தில் முனையிழையைத் தந்தது பட்டுப்புழு. கூடு கட்டும் தறுவாயிலுள்ள புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை நீட்டி இழுத்து உலர்த்துவர். ஸ்பெயின் தேசத்து மூர்சியாப் பிரதேசம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்தது. அவ்விழை உலர்ந்தால் நொறுங்கும். ஆகவே மீன்பிடிக்கச் செல்வோர் அதனை ஈரத்துணி வைத்த தகரப் பெட்டியில் எடுத்துச் செல்வர். 1935இல் அமெரிக்காவின் டியூபோன்ட் நிறுவனத்து ஆய்வுகூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலனை உருவாக்கிய பின்னர் பட்டுப்புழுவின் ஆட்சி முடிந்தது. நம் கரையோர மக்கள் தங்கூசி என்று அழைப்பது இந்த நைலன் இழையையே. 1971இல் யப்பானின் குரேஹா நிறுவனம் புளோரோகாபன் என்னும் மற்றோர் இழையை மீன்பிடிக்கு அளித்தது. இன்று நிம்ஃப் கொண்டு மீன்பிடிப்பவர் கடைக்குச் சென்றால், நைலனா புளோரோகாபனா என்பதே அவர் முன் நிற்கும் கேள்வி. ஆனால், அதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இழை எவ்வளவு தடிப்பானது என்பதே அது.

ஆற்றின் ஓட்டம் மேலிருந்து கீழ்வரை ஒரே வேகம் உடையதன்று. மேலே விரைவு, அடியில், கற்களின் உராய்வினால், மெதுவு. இயற்கையான பூச்சி அடியோட்டத்தின் மெதுவான வேகத்தில் மிதந்து வருகின்றது. நம்முடைய நிம்ஃபோ இழையில் கட்டுண்டது. இழை மேலேயுள்ள விரைந்த நீரை ஊடறுத்து நிற்பதால், அந்நீர் இழையைப் பிடித்து இழுக்கின்றது. அதன் விளைவாக நிம்ஃப் மேலெழுகின்றது. மற்றப் பூச்சிகளை முந்திக்கொண்டு விரைகின்றது. மீன் அதனைப் பொய்யென்று ஒதுக்குவதற்கு இதுவே பெருங்காரணம். இழை மெலிந்தால் இழுவை குறையும். நிம்ஃபும் விரைந்து அமிழும்.

அப்படியானால் மிக மெல்லிய இழையையே கட்டிவிடலாமே என்று தோன்றலாம். இங்கேதான் ஒரு கணக்கு குறுக்கே வருகின்றது. இழையின் விட்டத்தைப் பாதியாக்கினால் நீரின் இழுவை ஏறத்தாழப் பாதியாகின்றது. ஆனால் இழையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, அது காற்பங்காகிவிடுகின்றது. பெறுவது இரட்டை, இழப்பது நான்கு மடங்கு. முனையிழைத் தேர்வின் சூட்சுமம் முழுவதும் இக்கணக்கிலே அடங்கியிருக்கின்றது. தேவைக்கு மேல் ஒரு படி மெலிவதும் வீண் துணிவு.

இழையின் பருமனை எக்ஸ் என்னும் குறியால் விற்பனை உறைகளில் குறிப்பர். 11 என்னும் எண்ணிலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால், விட்டம் ஆயிரத்திலொரு அங்குலக் கணக்கிலே கிடைக்கும். 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.15 மில்லிமீற்றர். எண் ஏற ஏற இழை மெலியும் என்பதை மறத்தலாகாது. முள்ளின் இலக்கத்தை மூன்றால் வகுத்தால் பொருத்தமான எக்ஸ் எண் அண்ணளவாகக் கிடைக்கும் என்பது பழைய விதி. 14ஆம், 16ஆம் இலக்க முட்களுக்கு 5 எக்ஸ் பொருந்தும். ஆயினும் உறையிலுள்ள எண்ணை அப்படியே நம்புதல் தகாது. சில இழைகள் எழுதியதைவிடத் தடித்திருக்கும். அவை வலியவை என்று புகழப்படுவதன் இரகசியமும் சில வேளைகளில் அதுவே. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நாம் கண்ட நுண்மானித் திருகுக்கணிச்சி ஒன்று இருந்தால் உண்மை தெரிந்துவிடும்.

இப்பொழுது இரு பொருள்களையும் ஒப்பிடுவோம். புளோரோகாபன் கண்ணுக்குத் தெரியாது என்று விளம்பரம் செய்வர். நீரின் முறிவுச் சுட்டி 1.33, புளோரோகாபனுடையது ஏறத்தாழ 1.42, நைலனுடையது ஏறத்தாழ 1.53. ஆகவே, புளோரோகாபன் நீரில் குறைவாகவே தெரியும் என்பது மெய். தெரியாது என்பது மிகை.

அது விரைந்து அமிழும் என்பதும் பாதி மெய்யே. நைலனின் அடர்த்தி நீரினதைவிடச் சற்றே கூடியது, 1.14, புளோரோகாபனுடையது 1.78. ஆனால் 5 எக்ஸ் பருமனில் ஒரு மீற்றர் நைலனின் நிறை ஏறத்தாழ 0.02 கிராம், புளோரோகாபனின் நிறை 0.03 கிராம். நிம்ஃபின் தலையில் கோக்கும் 3 மில்லிமீற்றர்த் தங்குதன் மணி ஒன்று, இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போலப் பத்து மடங்குக்குக் குறையாத நிறையுடையது. இரையை அமிழ்த்துவது மணியும் செப்புக் கம்பியுமே, இழையின் பாரமன்று.

புளோரோகாபனின் மெய்யான சிறப்புகள் வேறு. அது நீரை உறிஞ்சுவதில்லை. நைலன் உறிஞ்சி, நனைந்த நிலையில் வலிமையில் ஒரு பங்கை இழக்கின்றது. புளோரோகாபன் கல்லிலும் முள்ளிலும் உராய்ந்தாலும் எளிதில் தேயாது, வெயிலையும் தாங்கும். ஆகவே, கற்கள் நிறைந்த அடியில் நிம்ஃபை உருட்டுவோருக்கு அது உகந்தது. மிதக்கும் ஈக்கு உகந்ததன்று. ஈயை நீருள் இழுக்க முயலும். நைலனோ விலை குறைந்தது, நெகிழ்ந்து கொடுப்பது, முடிச்சு நன்கு பிடிப்பது. ஆண்டுக்கொரு முறை புதிதாக வாங்கி, வெயில் படாது வைத்திருந்தால், நைலனைக் கொண்டே நன்றாக மீன் பிடிக்கலாம்.

எந்த இழையாயினும் அறுவது பெரும்பாலும் முடிச்சிலேயே. உலர்ந்த முடிச்சை இறுக்கினால் உராய்வு வெப்பம் இழையைக் கெடுக்கும். ஆகவே எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்கவேண்டும். புளோரோகாபன் விறைப்பானதாகையால் இக்கவனம் அதற்கு இன்னும் மிகுதியாகத் தேவை. வாங்கிய இழையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு இழைகளை முடிச்சிட்டு இணைத்து, நீரில் ஊறவைத்து, இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். எது அறுகிறதோ அது தோற்றது. உறையிலே அச்சிட்ட இறாத்தல் கணக்கைவிட இச்சோதனை நம்பத்தக்கது.

இத்தனையும் மீன்பிடிப்பவனின் நன்மைக்காக மட்டும் கூறப்பட்டவையல்ல. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலே விடுவது இன்று பல இடங்களில் வழக்கம். சில இடங்களில் விதி. மெல்லிய இழையில் அகப்பட்ட மீனை விரைந்து கரைக்கு இழுக்க முடியாது. அது நெடுநேரம் போராடிக் களைக்கும். கோடையில் நீர் 20 பாகை செல்சியசை எட்டினால், அதில் கரைந்துள்ள ஒக்சிசன் குறைந்து, களைத்த மீன் மீளாது மடியவும் கூடும். நீந்திச் சென்றுவிட்டதே என்று நாம் மகிழ்ந்திருக்க, அது கண்காணா இடத்திலே இறந்து கிடக்கலாம். ஆகவே, நீர்க்களை செறிந்த இடத்திலும் பெரிய மீன் உள்ள இடத்திலும் ஒரு படி தடித்த இழையைக் கட்டுவதே நெறி. நீர் வெப்பமடைந்த நாளில் தூண்டிலைச் சுருட்டிவைப்பது அதனினும் சிறந்த நெறி. நறுக்கிய துண்டு இழைகளைக் கரையில் எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவருதலும் வேண்டும். நெடுங்காலம் அழியாத அவை பறவைகளின் கால்களில் சுற்றிக்கொள்ளும்.

ஆகவே நேயர்களே, முனையிழையைத் தேர்பவர் முதலில் பருமனைப் பார்க்கட்டும். அடுத்து நனைந்த முடிச்சின் வலிமையைப் பார்க்கட்டும். பொருளின் பெயரையும் விலையையும் கடைசியில் பார்க்கட்டும். மீனை ஏமாற்றும் அளவுக்கு மெலிந்தும், அகப்பட்ட மீனை நெடுநேரம் வதைக்காத அளவுக்கு வலிந்தும் இருப்பதே நல்ல இழை.