கொள்ளிடக் கரையில் ஓர் அடைக்கலம்

தஞ்சையினின்று திருவையாற்று வழியாக அரியலூருக்குச் செல்வோர், கொள்ளிடப் பாலத்தைக் கடந்தவுடன் திருமானூரை அடைவர். கோடையில் அவ்வாறு கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும். நாணற் புதர்களினிடையே ஒரு சிறு நீரோட்டம் வழியறியாது திரியும். பெருவெள்ளக் காலத்திலோ இக்கரையினின்று அக்கரையை நோக்கவும் நெஞ்சம் துணுக்குறும். பேருந்தின் பலகணி வழியே இதனைப் பன்முறை கண்டவர் நம்முள் பலர். ஆயினும், முந்நூறு ஆண்டுகட்கு முன் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடந்த எல்லை இவ்வாறே என்பதை நினைப்பவர் சிலரே. யானும் நினைத்தவன் அல்லேன், ஒரு நண்பர் கேட்ட கேள்வி என்னை நினைப்பிக்கும் வரை.

அந்நண்பர் எம் விடுதியில் வாழ்பவர். கொள்ளிடக் கரையைச் சேர்ந்தவர். சென்ற ஆண்டு தந்தையாரை இழந்தார். அதன்பின் ஜெபக் கூட்டத்திற்கு வருதலை ஒழித்தார். வேதாகமம் பெட்டியினடியிற் கிடந்தது. அவரைத் தேற்ற வந்தோர் யாவரும் இரத்தசாட்சிகளின் சரித்திரத்தையே எடுத்துரைத்தனர். 1693-ஆம் ஆண்டு பெப்ருவரி 4-ஆம் நாள் ஓரியூரில் வெட்டுண்டு மாண்ட அருளானந்தரைச் சொன்னார் ஒருவர். 1752-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காட்டிற் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022-ஆம் ஆண்டில் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம் பிள்ளையைச் சொன்னார் மற்றொருவர். சொன்னவை யாவும் மெய்யே, சொன்னவரும் அன்புடையவரே. எனினும், அன்றிரவு நண்பர் என்னை நோக்கி, “அவர்கள் நின்றார்கள், நானோ ஓடிப்போனவன். ஓடினவனுக்குத் திருச்சபையில் ஒரு பெயர் உண்டா?” என்றார். எனக்கு விடை தோன்றவில்லை. சின்னாட்கள் கழித்து, தமிழ்ப் பாடத்திற்கெனப் படித்துக்கொண்டிருந்தபோது விடை தோன்றிற்று. அதுவே இக்கட்டுரை.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் தென்கரை தஞ்சை மராட்டிய மன்னரின் நாடு. வடகரையில் இப்பகுதி அரியலூர் மழவராயரின் பாளையம். 1701-ஆம் ஆண்டில், சாகஜி மன்னர் காலத்தில், தஞ்சை நாட்டுக் கிறிஸ்தவர்மீது பெருந்துன்பம் வந்தது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன; பலர் சிறைப்பட்டனர். அஞ்சி விசுவாசத்தை மறுதலித்தவரும் பலர். இதனை மறைத்தல் வேண்டா; அக்காலத்துக் குருமாரே தம் கடிதங்களில் இதனை மறைத்திலர். எஞ்சியோருள் பலர் ஆற்றைக் கடந்து வடகரைக்கு ஓடிவந்தனர். அவ்வாறு வந்தோர் கூடி வாழ்ந்த ஊர்களுள் தலையாயது ஏலாக்குறிச்சி. அஃது இன்று திருமானூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர்.

அவ்வூர்க்குப் பின்னர் வந்து பல்லாண்டு பணிபுரிந்தவரே நாம் தொன்னூல் விளக்கத்தாலும் சதுரகராதியாலும் நன்கறிந்த வீரமாமுனிவர். பரீட்சைக்குப் படிக்கும் நாம் அவரை எகர ஒகர எழுத்துக்களைத் திருத்தியவர் என்றும், பரமார்த்த குருவின் கதையை எழுதிச் சிரிக்க வைத்தவர் என்றும் மனப்பாடம் செய்து அத்துடன் விட்டுவிடுகின்றோம். அவர் எவ்வகை மக்களிடையே இருந்து எழுதினார் என்று கேட்பதில்லை. வீடிழந்தவரும், வீடிழந்தவரின் மக்களுமே அவருடைய சபையார்.

அவர் செய்த முதற்செயல் ஒரு பெயரிடுதல். ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்றார். அங்கு எழுந்த ஆலயத்தின் அன்னையை அடைக்கல மாதா என்றார். இவ்விரு பெயர்களையும் தமிழ் மாணவர் சற்று நின்று நோக்கல் வேண்டும். காவல் என்பது காக்கப்படுவார்க்கு உரியது. அடைக்கலம் என்பதோ வென்றவனுக்கு உரிய சொல் அன்று, புகுந்தவனுக்கே உரியது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்பது பெயர். ஊர்விட்டு ஊர் வந்து, நிற்க நிழலற்ற கண்ணகியைக் கவுந்தியடிகள் இடைக்குல மூதாட்டியிடம் ஒப்புவிக்கும் இடம் அது. அடைக்கலப் பொருளைக் காத்தல் தமிழர்க்குத் தலையாய அறம். அவ்வறத்தின் பெயரையே முனிவர் ஓடிவந்தோரின் ஊர்க்கும் ஆலயத்திற்கும் சூட்டினார். ஓடிவந்தமை அவர்க்கு மறைக்கத்தக்க இழிவாகத் தோன்றவில்லை. அதுவே அவ்வூரின் பட்டமாயிற்று. நம் ஆண்டவரும் ஒரு பட்டணத்தில் துன்புறுத்தப்படுவோர் மற்றொரு பட்டணத்திற்கு ஓடிப்போகலாம் என்று தம் சீடர்க்குச் சொன்னதாக மத்தேயு எழுதியுள்ளார். பிரசங்கங்களில் அப்பகுதியை யான் மிகுதியாய்க் கேட்டதில்லை.

முனிவரின் பெயரிலும் ஒரு நயம் உண்டு. 1680-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டிற் பிறந்த அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் கொன்ஸ்தான்ஸோ. நிலைபெயராமை என்பது அதன் கருத்து. தமிழ்நாட்டில் அது தைரியநாதர் என்றாயிற்று. பிற்காலத்தார் வீரமாமுனிவர் என்றனர். நிலைபெயராமை தைரியமாகி, தைரியம் வீரமான இப்படிகளில் பொருள் சிறிது சிறிதாக மேலேறிவிட்டது போலும். துன்பத்தை அவரும் அறிந்தவரே: 1714-ஆம் ஆண்டளவில் பகைவரிடம் அகப்பட்டு மரணத் தீர்ப்பும் பெற்று, அரிதில் உயிர் தப்பினார். தப்பிய பின்னர் வீரம் பேசித் திரிந்தாரல்லர், தமிழ் கற்றார்.

இனி, அவர் அம்மக்களுக்கு அளித்தவற்றைப் பார்ப்போம். திருக்காவலூர்க் கலம்பகம் என்பது ஒன்று. கலம்பகம் எத்தகைய பிரபந்தம்? நந்திவர்மனைப் பாடியது ஒன்று. திருவரங்கப் பெருமானைப் பிள்ளைப்பெருமாள் ஐயங்கார் பாடியது ஒன்று. மன்னர்க்கும் பெருந்தலத்திற்கும் உரிய அவ்வணியை, அகதிகள் குடியேறிய ஒரு குறிச்சிக்கு எடுத்துப் பூட்டினார் முனிவர். தம் ஊர்மீது கலம்பகம் பாடப்பட்டது என்று கேட்ட ஓர் இளைஞன் தன்னை இனி ஊரற்றவன் என்று எண்ணுவானோ? கிறிஸ்தவனாயினமையால் தமிழ் தன்னைக் கைவிட்டது என்று கூறுவானோ? அந்நாளில் விசுவாசிகளை வருத்திய துன்பம் இரண்டு: ஒன்று அடியும் சிறையும்; மற்றொன்று ‘நீ அந்நியருடைய மதத்தான்’ என்னும் சொல். முன்னதற்கு ஆறு எல்லையாயிற்று. பின்னதற்குத் தமிழே அரணாயிற்று. இரண்டாவது துன்பம் இன்றும் நம்மைத் தொடர்கின்றது என்பதை நம் வாலிபர்க்கு யான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

கித்தேரியம்மாள் அம்மானை என்பது மற்றொன்று. விசுவாசத்தின் பொருட்டு உயிர்நீத்த ஒரு கன்னிகையின் கதையைப் பெண்கள் அம்மானையாடிப் பாடும் நடையில் அமைத்தார். புலவர்க்கு மட்டும் எழுதியவர் அல்லர் என்பதற்கு இதுவே போதிய சான்று. எனினும், என் நண்பருக்கு யான் எடுத்துக் காட்டியது தேம்பாவணியே. 1726-ஆம் ஆண்டில் முடிவுற்ற இக்காப்பியத்தில் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் உள. இதன் தலைவர் யார்? வாளால் வெட்டுண்டவர் அல்லர்; சிங்கத்தின் வாயில் எறியப்பட்டவரும் அல்லர். சூசையப்பர் என்னும் தச்சர். வளன் என்பது முனிவர் அவர்க்கு இட்ட தமிழ்ப் பெயர். ஏரோது மன்னனுக்கு அஞ்சி, இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்து நாட்டிற்கு ஓடியவர் அவர். சுவிசேஷங்களில் அவர் வாயினின்று ஒரு சொல்லேனும் வந்ததாக எழுதப்படவில்லை. காப்பியத் தலைவராக எத்தனையோ வீரர் இருக்க, எல்லை கடந்தோடிய அவரையே முனிவர் கொண்டது தற்செயலாகவும் இருக்கலாம். திருக்காவலூரை நினைக்கும் எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

முனிவரைக் குற்றமற்றவராகக் காட்டுதல் என் கருத்தன்று. தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து அவர் எழுதிய வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு முதலிய நூல்களைப் படிப்போர்க்கு, துன்பப்பட்டவர் பிறரைச் சொல்லால் துன்புறுத்த இவ்வளவு விரைவரோ என்று வியப்புண்டாகும். அக்காலச் சமயவாதத்தின் வழக்கு அது எனலாம். ஆயினும் மனம் அதனை ஏற்கவில்லை. இதற்கு மாறான செய்தியொன்று அவ்வூரிலேயே வழங்குகின்றது. அரங்கப்ப மழவராயர்க்கு வந்த இராஜபிளவையை முனிவர் தீர்த்தார் என்பதும், அவர் மனமுவந்து ஆலயத்திற்கு நிலம் அளித்தார் என்பதும் செவிவழி வரலாறு. நோய் தீர்ந்த விதம் எவ்வாறாயினும், கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் மண்ணிலேயே அவ்வடைக்கலம் வேரூன்றிற்று என்பது மெய். துன்புறுத்திய மன்னரும் இந்துவே. இடமளித்த மன்னரும் இந்துவே. எனவே நம்மை நாம் இன்னார் என்று அறிவதற்குப் பகைவர் ஒருவரைத் தேடிக்கொண்டிருத்தல் வேண்டா. இன்றும் பல சமயத்தாரும் அவ்வாலயத்திற்கு வந்து செல்கின்றனர்.

இவற்றையெல்லாம் நண்பரிடம் ஒரே மாலையிற் சொன்னேனல்லேன். பாடப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் சிறிது சிறிதாகச் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. ஒருமுறை மட்டும் கலம்பகத்தை என் கையினின்று வாங்கிச் சென்று இரண்டு நாள் வைத்திருந்தார். தந்தையாரின் ஆண்டு நினைவிற்கு அவர் ஊர் சென்றபோது யானும் உடன் சென்றேன். பேருந்து பாலத்தைக் கடந்தது. ஆற்றில் நீரில்லை, மணலில் மாடுகள் சில நடந்துகொண்டிருந்தன. அவர் ஊருக்கு இன்னும் சிறிது தூரம் உண்டு. ஆயினும் திருமானூரிலேயே இறங்கினார். ஏலாக்குறிச்சிக்குப் பேருந்து எப்போது வரும் என்று கடைக்காரரிடம் கேட்டார்.