ஊருக்கு உழைத்த வணிகர்

மும்பை நகரத்துக்கு அந்தக் காலத்தில் பம்பாய் என்று பெயர். அங்கே ஜகந்நாத் சங்கர்ஷேட் என்ற வணிகர் வாழ்ந்தார். அவர் 1803-ஆம் ஆண்டு பிறந்தவர். சங்கர்ஷேட் என்பது அவருடைய தந்தையின் பெயர். ஷேட் என்றால் பெரிய வணிகர். மக்கள் ஜகந்நாத்தை அன்போடு 'நானா' என்று அழைத்தார்கள்.

1822-இல் தந்தை இறந்தார். அப்போது ஜகந்நாத்துக்கு வயது 19. வியாபாரப் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

நாணயமான வியாபாரி

அரபு நாட்டு வணிகர்கள் பம்பாய்க்கு வருவார்கள். ஆப்கானிய வணிகர்களும் வருவார்கள். அவர்கள் வங்கியைவிட ஜகந்நாத்தை அதிகம் நம்பினார்கள். தங்கள் செல்வத்தை அவரிடம் கொடுத்து வைத்தார்கள். அவரிடம் பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. ஊருக்காகவும் செலவு செய்தார்.

எந்த மொழியில் படிப்பது?

அப்போது ஆங்கிலேயர் ஆட்சி நடந்தது. பம்பாய் மாகாணத்தில் 1840-இல் கல்வி வாரியம் அமைத்தார்கள். ஜகந்நாத் அதில் உறுப்பினர் ஆனார். எர்ஸ்கின் பெர்ரி என்ற நீதிபதி பின்னர் வாரியத்தின் தலைவராக வந்தார். ஆங்கிலக் கல்விக்கே முதலிடம் தர வேண்டும் என்றார் பெர்ரி.

ஜகந்நாத் இதை ஏற்கவில்லை. அவர் ஆங்கிலத்துக்கு எதிரி அல்ல. ஆனால் சிலரால் மட்டுமே ஆங்கிலம் படிக்க முடியும். உழவருக்கும் தொழிலாளிக்கும் அறிவு போய்ச் சேர வேண்டாமா? அதற்குத் தாய்மொழிதான் வழி என்று அவர் வாதாடினார். வாரியத்தில் இருந்த வேறு சில இந்தியரும் அவர் பக்கம் நின்றார்கள். 1854-இல் அரசு புதிய கல்விக் கொள்கையை வெளியிட்டது. மக்கள் கல்விக்குத் தாய்மொழி வேண்டும் என்று அதுவும் சொன்னது.

பெண்களுக்குப் பள்ளி

பெண்கள் படிக்கக் கூடாது என்று பலர் நினைத்த காலம் அது. 1849-இல் பம்பாய் மாணவர் சங்கத்தார் பெண்களுக்குப் பள்ளிகள் தொடங்கினார்கள். இடம் கிடைப்பது எளிதாக இல்லை. ஜகந்நாத் தம் வீட்டு வளாகத்திலேயே பள்ளிக்கு இடம் கொடுத்தார். பணமும் கொடுத்தார்.

ரயில் வந்தது

இந்தியாவில் ரயில் விட வேண்டும் என்று 1845-இல் பம்பாயில் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஜகந்நாத்தும் அதற்குப் பாடுபட்டார். 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பம்பாயிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர் சென்றது. அதில் சுமார் 400 பேர் பயணம் செய்தார்கள்.

சட்டசபையில் இடம்

நாட்டு நிர்வாகத்தில் இந்தியருக்கு அப்போது பெரிய பதவிகள் இல்லை. குறைகளைச் சொல்லவும் ஓர் அமைப்பு வேண்டும். எனவே 1852-இல் 'பம்பாய் சங்கம்' உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஜகந்நாத் முக்கியமானவர். சங்கத்தார் தங்கள் கோரிக்கைகளை எழுதி இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

1862-இல் பம்பாய் சட்டசபையில் ஜகந்நாத்துக்கு இடம் கிடைத்தது. அந்தச் சபையில் இடம்பெற்ற முதல் இந்தியர்களில் அவரும் ஒருவர். அப்போது தேர்தல் கிடையாது. அரசே உறுப்பினர்களை நியமித்தது.

1865 ஜூலை 31 அன்று அவர் காலமானார். இன்று ஏழை எளியவரும் தம் தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்கிறார்கள். அந்த உரிமைக்காக அன்றே வாதாடியவர் இந்த வணிகர்.