ஞானப்பல்லை எப்பொழுது எடுத்துவிட வேண்டும்?

மனிதனின் 32 பற்களில் இறுதியாக முளைப்பவை, தாடைகளின் நான்கு கோடிகளிலும் உள்ள மூன்றாம் கடைவாய்ப் பற்களாகும். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையே, ஓரளவு விவேகம் வந்த பருவத்தில் தோன்றுவதால் இவை ஞானப்பற்கள் எனப் பெயர் பெற்றன. சிலருக்கு ஒன்றிரண்டு முளைப்பதே இல்லை. அதனால் குறையொன்றும் நேர்வதில்லை.

கீழ்த்தாடையில் இடம் போதாவிடின் இப்பல் முன்பல்லின் மீது சாய்ந்தோ, எலும்பினுள் படுத்தோ நின்றுவிடும். பாதி வெளிவந்த பல்லின்மேல் ஈறு மூடிபோல் படிந்திருக்கும். அதன் அடியில் சோற்றுத் துணுக்குகளும் கிருமிகளும் தங்குகின்றன. பல்துலக்கி அங்கே எட்டுவதில்லை. ஈறு வீங்குகிறது, வீங்கிய ஈற்றை மேற்பல் கடிக்கிறது, வீக்கம் மேலும் பெருகுகிறது. உப்புநீரால் கொப்பளித்தபின் தணிந்து, சில மாதங்களில் மீண்டும் தலைகாட்டுவது இதன் இயல்பு.

தொல்லை தராத பல்லை எடுக்கவேண்டுவதில்லை. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நெறிமுறையும் இதையே கூறுகிறது. ஈற்றழற்சி இரண்டாம் முறை வந்தாலோ, முதல் முறையே கடுமையாக இருந்தாலோ எடுப்பது பற்றி ஆலோசிக்கலாம். செப்பனிட இயலாத சொத்தை, அருகிலுள்ள பல் அரிக்கப்படுதல், பல்லைச் சுற்றி நீர்க்கட்டி தோன்றுதல் ஆகியனவும் தக்க காரணங்களே.

எல்லைப்புற மலைகளில் தூரத்தையும் ஒரு காரணமாகக் கொள்வது பொருந்தும் என்பது எமது கருத்து. மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் சின்னாற்றுக் காட்டைக் கடக்க வேண்டும். பூப்பாறையிலிருந்து போடிநாயக்கனூருக்குப் போடிமெட்டு மலைப்பாதையில் இறங்க வேண்டும். அட்டப்பாடியினர் ஆனைக்கட்டி வழியே கோயம்புத்தூருக்கோ, மலைச்சாலையில் மன்னார்க்காட்டுக்கோ செல்கின்றனர். நள்ளிரவில் தொண்டை அடைத்தபின் இப்பயணம் எளிதன்று. ஆதலின் இருமுறை வீங்கிய பல்லை, வீக்கம் வற்றியிருக்கும் காலத்தில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து அகற்றிக்கொள்வதே நன்று. மாணவராயின் பள்ளி விடுமுறை ஏற்ற சமயம்.

அஞ்சவேண்டியது ஒன்றுண்டு. கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள் நாக்கின் அடித்தசைக்குக் கீழே அமைந்திருப்பதால், சீழ் கழுத்துப் பக்கம் இறங்கக்கூடும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-இல் இந்நிலையை விவரித்தார். தாடையின் அடியில் பலகைபோல் இறுகிய வீக்கம், நாக்கு மேலே தள்ளப்படுதல், உமிழ்நீர் விழுங்க இயலாமை, குரல் மாறுதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்புக.

தேயிலை, ஏலத் தோட்டங்களில் மற்றொரு குழப்பமும் நேர்கிறது. பாக்கும் புகையிலையும் நெடுநாள் மென்றவருக்கு வாய் சிறுகச் சிறுகக் குறுகலாம். வலியின்றி மாதக்கணக்கில் குறுகுவது ஞானப்பல்லின் வேலையன்று. உட்கன்னம் வெளுத்து நார்போல் இறுகியிருப்பின் அது புற்றுநோயாக மாறவல்ல நோய். அவரையும் பல் மருத்துவரிடமே அனுப்ப வேண்டும்.

வலிக்கும் ஈற்றில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அடக்குவது சிலர் வழக்கம்; அது ஈற்றைச் சுட்டுப் புண்ணாக்கும். வீங்கிய கன்னத்தில் சூடான ஒத்தடமும் வேண்டாம். பல்லை எடுத்தபின் பஞ்சுத்துணியை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அன்று வேகமாகக் கொப்பளித்தால் குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும். புகைபிடிப்பதும் அக்குழி ஆறுவதைக் கெடுக்கும். கீழுதட்டு மரப்பு மறுநாளும் நீடித்தால், தாடை நரம்பு தாக்கப்பட்டிருக்கலாமாகையால், பல்லை எடுத்த மருத்துவரிடமே மீண்டும் காட்டுக.